விறகு வழக்குக் கோர்ட்டில் எங்கள் வீட்டுக் கல்யாணம்

ஜெர்மனியில் ஓடுகிற ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்பாதி ஓர் ஊருக்குப் போகும், பின்பாதி வேறோர் ஊருக்குப் போகும். நான் இலங்கை மலைநாட்டு வட்டவளைக்காரன். எனக்குத் தெரிந்த ரயில் மண் சரிந்தால் நிற்கும், மரம் விழுந்தால் நிற்கும், சில நாள் காரணமே இல்லாமலும் நிற்கும். ஆனால் பாதியாகப் பிரிந்து ஆளை ஏமாற்றாது. என் தங்கை மகள் செலினும் நானும் இரண்டு பெரிய பெட்டிகளோடு பின்பாதியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை கஜன் பூச்செண்டோடு காத்து நின்றது முன்பாதி போய்ச் சேரும் ஊரில்.

இறங்கிய நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, தேநீர்க்கடையும் இல்லை, ஈ காக்கையும் இல்லை. "என்னா மாமா, இப்படி ஒரு ஊரு?" என்றாள் செலின். அழுகை வரும் போலிருந்தது அவளுக்கு. அப்போது நாயோடு உலாவ வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்றார். என் கையில் இருந்த கைபேசி இங்கே வேலை செய்யவில்லை என்று சைகையில் காட்டி, கஜனின் எண்ணை நீட்டினேன். தன் கைபேசியில் கஜனைக் கூப்பிட்டுப் பேசினார். அதோடு போயிருக்கலாம். கஜன் கார் எடுத்து வந்து சேரும்வரை எங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் முறுக்குக் கொடுத்தோம். நாயும் தின்றது. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரவு ஜெபத்தில் இன்றும் 'நாய்க்கார அம்மா' என்று சொல்லித்தான் அவருக்காக வேண்டுகிறேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். செலின் தலவாக்கலையில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள். அவளுக்கு அப்பா இல்லை. என் தங்கை லூர்து வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து அவளைப் படிக்க வைத்தாள். மடு மாதா திருவிழாவுக்குப் போன இடத்தில் செலின் கஜனைச் சந்தித்தாள். அவன் சிறு வயதாக இருக்கும்போதே யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன குடும்பம். முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. கோயில் கல்யாணம் பிறகு; முதலில் அரசாங்கப் பதிவு நடக்க வேண்டும். அதற்கென்று கொடுத்த விசா முடிய அதிக நாளில்லை. பத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரத் தாமதமாகி, கடைசியில் கிடைத்தது ஒரேயொரு தேதி. அதை விட்டால் அடுத்த தேதி விசா முடிந்த பிறகுதான். அப்புறம் ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் 'அ'னாவிலிருந்து தொடங்க வேண்டும். வேலையையும் விட்டுவிட்டு வந்தவள் அவள். தாய்மாமன் என்கிற முறையில் கூட வந்தவன் நான்.

மறுநாள் காலைச் சாப்பாடு குளிர்ந்த ரொட்டி, குளிர்ந்த வெண்ணெய், குளிர்ந்த இறைச்சி. கோப்பையில் ஒரு நூல் கட்டிய பொட்டலத்தைப் போட்டு 'சிலோன் டீ' என்று கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தரையைக் கூட்டினால்கூட அதைவிட நல்ல தூள் கிடைக்கும். கஜனின் அம்மா மிகவும் அன்பானவர். "சாப்பிடுங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம் எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனம் நோகாமல் தின்றேன். மத்தியானம் அவர் கடைக்குப் போனதும் செலினைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்தேன்.

தேங்காய் ரொட்டி தட்டினோம். மிளகாயும் வெங்காயமும் வைத்துக் கட்டா சம்பல் இடித்தோம். பருப்புக்குத் தாளிக்கிற நேரத்தில் செத்தல் மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழுந்ததுதான் தாமதம், கூரையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை வட்டு அலற ஆரம்பித்தது. தோட்டத்தில் தீப்பிடித்தாலும் அந்தச் சத்தம் வராது. செலின் துடைப்பத்தால் அதைத் தட்டினாள். நான் ஜன்னலைத் திறக்கத் தெரியாமல் முழித்தேன். மேல்மாடியிலிருந்து ஒரு பெண்மணி வீட்டுச் செருப்போடு ஓடிவந்து, கதவைத் திறந்து, நாற்காலியில் ஏறி, வட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார். "நெருப்பு இல்லையா?" என்று கேட்டார் ஆங்கிலத்தில். "பருப்பு" என்றேன். அவர் அப்படியே அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரிகித்தே அம்மாவின் அறிமுகம் இப்படித்தான் கிடைத்தது. ரொட்டியைச் சம்பலில் தொட்டு, கண்ணில் நீர் வழிய, இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு என்ன வேலை என்று விசாரித்தார். மலைநாட்டு நீதிமன்றங்கள் பலவற்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "நானும் கோர்ட்டுக்காரிதான்! இந்த ஊர் கோர்ட்டின் கடைசி எழுத்தர். கல்யாணப் பதிவு எங்கே நடக்கிறது தெரியுமா? எங்கள் கோர்ட்டில்!"

பிறகுதான் விளங்கியது. ஊரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தைத்தான் இப்போது நகரசபை வைத்திருக்கிறது. கீழே நூலகம், மேலே விவாகப் பதிவு. செலின் என்னைப் பார்த்தாள். "கோட்டுலயா மாமா கல்யாணம்? அம்மாக்கிட்ட சொல்லிராதீங்க." எங்கள் பக்கம் கோர்ட்டுப் படி ஏறினாலே ஊர் நாலு விதமாகப் பேசும். நான் சொல்லவில்லை. கஜன் சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் பிரிகித்தே அம்மா எங்களை அங்கே கூட்டிப்போனார். சிவப்புக் கல்லால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம், வாசலில் எலுமிச்சை இலை போன்ற இலையுள்ள ஒரு பெரிய மரம். கதவுக்கு மேல் தராசு செதுக்கியிருந்தது. ஒரு தட்டில் குருவி கூடு கட்டியிருந்ததால் நீதி கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.

"இதற்கு முன்னால் கோர்ட் எங்கே இருந்தது தெரியுமா?" என்று மலைமேல் தெரிந்த ஒரு மாளிகையைக் காட்டினார். முற்காலத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவே நீதிபதியாம். அவர் நிலத்தில் உழைக்கிறவன் குற்றம் செய்தால் அவரே விசாரிப்பார், அவரே தண்டிப்பார். பிரபுவின் மேலேயே புகார் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பிரிகித்தே அம்மா அதே மாளிகையை மறுபடியும் கைகாட்டினார்.

எனக்கு அது புதுக் கதையாகப் படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் தோட்டங்களிலும் பெரிய துரையின் ஆபீஸ் வாசல்தான் கோர்ட். ஆள்களை மேய்க்கும் கங்காணி சாட்சி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வக்கீல், துரை நீதிபதி. என் தாத்தா அந்த வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் பிரிகித்தே அம்மா, "அப்படியானால் நீங்கள் பாதி வரலாற்றை ஊரிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார்.

பிரபுக்களின் அதிகாரம் போய், அரசாங்கமே ஊர் ஊராக நீதிமன்றம் திறந்த காலத்தில் எழுந்ததுதான் இந்தக் கட்டடம். திறந்ததும் வந்து குவிந்த வழக்குகள் என்ன என்கிறீர்கள்? விறகு. பிரபுவின் காட்டில் சுள்ளி பொறுக்கிய பெண்கள் மேல் வழக்கு. குளிர்காலம் முழுக்க விறகு வழக்குத்தானாம். செலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம லயத்து வீடுகள்ல பாதிப்பேரு உள்ளதான் இருக்கணும் மாமா." உண்மைதான். காட்டில் விறகு வெட்டியதற்காகக் கூண்டில் ஏறிய எத்தனையோ பேருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

மாடிப்படி ஏறும்போது பிரிகித்தே அம்மாவின் குரல் இறங்கியது. ஹிட்லர் காலத்தில் இந்த ஊர் யூதக் குடும்பங்களின் வீடும் நிலமும் கைமாறியது இங்கே இருந்த காணிப் பதிவு அறையில்தானாம். துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை, ஒழுங்காக முத்திரை குத்தித்தான் நடந்தது என்றார். "அதைச் சொல்லாமல் நான் யாரையும் இந்தப் படியில் ஏற்றுவதில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்களையும்தான்." அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எங்கள் நாட்டிலும் ஒரு முத்திரையால் குடியுரிமை பறிபோய், நாடற்றவர்களாகிப் போன சனம்தான் நாங்கள். அதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படியை ஏறினார்.

கடைசியில், வழக்குகள் குறைந்துவிட்டன, செலவு அதிகம் என்று சொல்லி, கோர்ட்டைப் பக்கத்துப் பெரிய நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஊர் சனம் எதிர்த்து ஊர்வலம் போனது. "கோழி திருடி மாட்டியவன்கூட வந்து கையெழுத்துப் போட்டான்" என்றார் பிரிகித்தே அம்மா. கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தவர் அவர்தான். பல வருடம் புறாக்கள் குடியிருந்து, பிறகு நகரசபை எடுத்துக்கொண்டது. பின்பக்கம் கைதிகளை வைத்திருந்த சிறு அறை இப்போது காப்பிக் கடை. கம்பி போட்ட ஜன்னலருகே உட்கார்ந்து பிளம்ஸ் பழக் கேக் தின்றோம். நான் தின்ற கேக்குகளில் அதுதான் சிறந்தது. இப்படியொரு சிறை எங்களூரில் இருந்தால் குற்றங்கள் கூடிவிடும்.

மேல்மாடி மண்டபத்தில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி நிற்கும் கூண்டைப் பெயர்த்து எடுத்த அடையாளம் மரத்தரையில் நான்கு கட்டங்களாக இன்னும் இருந்தது. அதே இடத்தில் இப்போது மணமக்களுக்கு இரண்டு நாற்காலி. பிரிகித்தே அம்மா கேட்டார், "உங்கள் வேலையில் கஷ்டமானது எது?"

"சும்மா இருப்பது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளன் தன் வார்த்தையாக ஒன்றைக் கூட்டக் கூடாது, ஒன்றைக் குறைக்கக் கூடாது. எதிரி 'நான்' என்றால் அவனும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் நிறையப் பேர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால் தவணை தவணையாகக் கோர்ட்டுக்கு வர வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் வேலை போகும். பக்கத்தில் நிற்கிற எனக்கு அது தெரியும். "வேணாம்மா, மறுத்துச் சொல்லு" என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டு, "நான் குற்றவாளி" என்பேன். என் வாயால் அதிகம் சொன்ன வாக்கியம் எதுவென்று கேட்டால் அதுதான்.

நான்காம் நாள் கல்யாணம். செலின் ரோஜா நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். லூர்து கைபேசியில் படத்தோடு வந்தாள். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் மட்டும் என்பதால், காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அங்கே வந்து நின்றாள். அவளைச் சுற்றி அவளோடு கொந்தரப்பு என்கிற ஒப்பந்த வேலை செய்கிற சனமே நின்றது. கைபேசியைக் கஜனின் அம்மா பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, புள்ள சாப்புட்டுச்சா?"

"சாப்புட்டுச்சு தங்கச்சி. நீ அழுவாம இரு."

அப்போதுதான் கஜனின் முகம் வெளுத்ததைக் கவனித்தேன். ஜெர்மன் சரியாகத் தெரியாதவருக்குப் பதிவில் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். செலினுக்குத் தெரிந்த ஜெர்மன், கடையில் பால் வாங்கும் ஜெர்மன். ஆங்கிலமும் பாலர் பாட்டு அளவுதான். அதனால் வேறு நகரத்திலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வருகிற ரயிலை ரத்துச் செய்துவிட்டார்களாம்.

பதிவாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நல்லவர், ஆனால் சட்டம் சட்டம்தான். "மன்னிக்கவும், இன்று முடியாது. வேறு தேதி பார்க்கலாம்" என்றார் ஆங்கிலத்தில், எனக்கும் புரியட்டும் என்று. மாப்பிள்ளையே மொழிபெயர்க்க முடியாது. அவன் அம்மாவின் ஜெர்மன் கடைத்தெருவோடு முடிந்துவிடும். வேறு தேதி என்றால் என்ன அர்த்தமென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். செலின் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பிரிகித்தே அம்மா எழுந்தார். "இதோ ஒரு கோர்ட் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறாரே!"

என் ஓய்வூதிய அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அதில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் என் பதவி எழுதியிருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், நான் தமிழில் சொல்கிறேன் என்றேன். "நீங்கள் உறவா?" என்று கேட்டார் பதிவாளர். "தாய்மாமன்" என்றேன். உறவினர்களை நாங்கள் விரும்புவதில்லை என்றார். பிறகு அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து அறைக்குப் போய் மேலதிகாரியோடு தொலைபேசியில் பேசினார். அந்த நேரத்தில் நான் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டேன். திரும்பி வந்து, என்னைக் கை உயர்த்தச் சொன்னார். கேட்டதைக் கூட்டாமல், குறைக்காமல், மாற்றாமல் சொல்வேன் என்று உறுதி எடுத்தேன். அந்த உறுதிமொழி எனக்கு மனப்பாடம். ஓர் அந்நிய ஊரில், என் தொழிலை நம்பி ஒருவர் சட்டத்தை இவ்வளவு தூரம் வளைந்து கொடுக்க வைத்தாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காகப் போனது. கஜன் தன் சம்மதத்தைப் பெரிய குரலில் சொன்னான். பிறகு பதிவாளர் செலினிடம் திரும்பினார். "இவரை மணந்துகொள்ள நீங்கள் சுயவிருப்பத்தோடு சம்மதிக்கிறீர்களா?" நான் தமிழில் சொன்னேன்.

செலின் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு விருப்பமில்லை என்றால் பயப்படாமல் சொல்லலாம். எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறேன். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?"

அதையும் ஒரு சொல் விடாமல் நான்தான் அவளுக்குச் சொன்னேன். கஜனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். கைபேசியில் லூர்து ஏதோ கேட்டாள்.

செலின் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பரிசம் போடுகிற அன்று, பெண்ணுக்குச் சம்மதமா என்று சபையில் கேட்பார்கள். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு முதலில் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டியவன் தாய்மாமன். அவன் சொல்லுமுன் பெண் வாயைத் திறந்தால் அவனை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். கத்தோலிக்க வேதக்காரர்களான எங்கள் வீடுகளிலும் அந்த வழக்கம் போகவில்லை. அவள் என் சொல்லுக்காகக் காத்து நிற்கிறாள். நானோ உறுதி எடுத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் பேச வேண்டிய இடத்தில் நிற்கிறேன். "சொல்லும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கினேன். பிறகு எங்கள் கோர்ட்டில் செய்கிற மாதிரியே, பதிவாளரைப் பார்த்துத் தலை குனிந்து, "அனுமதித்தால் மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சாக ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். வழக்கத்தை விளக்கினேன். அவர் செலினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. அந்தப் பக்கம் போய் மாமாவாகப் பேசுங்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். பிறகு திரும்ப இங்கே வந்து நில்லுங்கள். ஆனால் பதில் அவருடையதாக இருக்க வேண்டும்."

அந்தப் பக்கம் போனேன். "பாப்பா, மாமாவுக்குச் சம்மதம். இனிமே நீதான் சொல்லணும். வேணாம்னாலும் சொல்லலாம். மாமா கோவிச்சுக்க மாட்டேன், ஒன்னையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்." அதை ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். பதிவாளர் மூன்றாம் முறை கேட்டார்.

செலின் தலையை நிமிர்த்தினாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரல் வெளியே வந்தது.

"எனக்குச் சம்மதங்க. என்னைய யாரும் புடிச்சுத் தள்ளல. நானாத்தான் வந்தேன்."

அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'நான்' என்றே தொடங்க வேண்டும். விறகு பொறுக்கிய பெண்கள் தலை குனிந்து நின்ற அந்தத் தரையைப் பார்த்தேன். 'நான்' என்று தொடங்கி 'குற்றவாளி' என்று முடித்தே பழகிய வாய் இது. தரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தேன்.

பதிவாளர் பேனாவைக் கையில் எடுத்தார். "மன்னிக்கவும், குரல் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்வீர்களா?"

சொன்னேன். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் சம்மதிக்கிறேன். என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நானாகவே வந்தேன்." பிரிகித்தே அம்மா கைதட்ட ஆரம்பித்தார். கைபேசிக்குள்ளிருந்து பெரட்டுக் களமே இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் லூர்துவின் குரல்:

"அண்ணே, புள்ள என்னா சொன்னுச்சு? இங்க ஒன்னும் வெளங்கல!"

மூன்றாம் முறையும் சொன்னேன், தமிழில்.